பூஜ்யத்தைத் தள்ளிவிடச் சொன்னேன்

நான் பொய் சொன்னேன். தெரியாமல் அல்ல; தெரிந்தே, வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவள் பெயர் நாகவேணி. எட்டு ஆண்டுகள் அவள் அந்தப் பொய்யை உண்மையென்று நம்பிக்கொண்டிருந்தாள்.

கொலையோ களவோ என்று நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். வெறும் கணக்கு... இலக்கங்களைப் பெருக்கி வகுத்துப் பார்க்கிற ஒரு சின்னக் கணக்கு. அந்தக் கணக்கால் நான் இன்று நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். அவள் இன்னமும் நின்றுகொண்டு வேலை செய்கிறாள்.

இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கணக்கை நான் போட்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது! வெட்கப்பட வேண்டிய இடத்தில் பெருமை. என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியவில்லை. ஆனால் மறைத்து எழுதினால் இது வாக்குமூலம் ஆகாது.

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில், மின்னணுப் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். மத்திகிரியில் ஒரே தெருவில் வாடகைக்குக் குடியிருந்தோம்; என் வீட்டிலிருந்து நான்காவது வீடு அவளுடையது. காலையில் ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்டு. ஜன்னலோரம் எனக்கு. அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் வேலை எளிது. வரிசையில் வரும் பலகைகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, குறையுள்ளதை ஒதுக்க வேண்டும். மணிக்கு ஒரு முறை எத்தனை குறை என்று தாளில் எழுத வேண்டும். குறையே இல்லாவிட்டால் கட்டத்தில் பூஜ்யம் எழுதக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். பூஜ்யத்துக்கு ஒரு வால் வைத்தால் ஆறு ஆகிவிடும், ஒன்பது ஆகிவிடும் என்று மேற்பார்வையாளர்களுக்குப் பயம். "ஜீரோ வந்தா கோடு" என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லித் தரும் முதல் பாடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பொய்க்கு நான் போட்ட சட்டை இதுதான்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இயந்திரங்களுக்கு நிரல், அதாவது புரோகிராம், எழுதும் பிரிவுக்கு, வரிசையில் வேலை செய்பவர்களிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்வார்களாம். ஒரே ஓர் இடம்! பட்டம் வேண்டாம், நிரல் எழுதத் தெரிந்தால் போதும். பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர். அதில் நிஜமாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் அவளும்.

நாங்கள் இருவரும் ஓராண்டாகக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தோம். பஸ் ராயக்கோட்டை தாண்டுவதற்குள் ஒரு பாடம் முடியும். சாப்பாட்டு இடைவேளையில் பயிற்சி அறைக் கணினியில் போட்டுப் பார்ப்போம். உண்மையைச் சொல்வதானால் அவள் என்னைவிட வேகம். ஓர் எண்ணின் இலக்கங்களை எப்படி ஒவ்வொன்றாகக் கழற்றுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "பத்தால வகுத்தா மீதி வருதுல்லக்கா, அதான் கடைசி இலக்கம். உருவிட்டு மறுபடி வகு," என்று சட்னி ஒட்டிய விரலால் டப்பா மூடியில் எழுதிக் காட்டினாள்.

அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வயதுப் பெண் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு நின்று நின்று அவள் கால்கள் வீங்கிவிடும். பஸ்ஸில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, பாதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொள்வாள். "உக்காந்து செய்யிற வேலை கெடைச்சா போதுங்கா. வேற ஒண்ணும் வேணாம்," என்பாள்.

எனக்கோ உட்கார ஆசையில்லை. ஜெயிக்க ஆசை.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. எழுதக் கை கூசுகிறது. இருவருக்கும் சொந்த ஊர் உத்தனப்பள்ளிப் பக்கம். எங்களுக்கு அங்கே தக்காளித் தோட்டம் உண்டு. அவள் அம்மா அதில் கூலிக்குப் பறிக்க வந்தவள். பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காருவது எனக்கு உறுத்தியதே இல்லை. ஆனால் அவள் எனக்கு மேலே போய் உட்காருவது? நான் அதை நினைத்துப் பார்த்தேனா... பார்க்கவில்லை என்று இந்தத் தாளில் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

வெள்ளிக்கிழமை புதிரைக் கொடுத்தார்கள். அரைப் பக்கம். திங்கட்கிழமை நிரலை எழுதிக்கொண்டு வந்து, பெங்களூர் அலுவலகத்திலிருந்து வரும் பொறியாளர்கள் முன்னால் ஓட்டிக் காட்டி விளக்க வேண்டும்.

புதிர் இதுதான். ஓர் எண் தருவார்கள். கூடவே ஒரு வகுக்கும் எண்ணும் தருவார்கள். முதல் எண்ணில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே போக வேண்டும். எந்த எண்ணின் இலக்கங்களைப் பெருக்கினால் வரும் விடை மீதமில்லாமல் வகுபடுகிறதோ, அங்கே நிற்க வேண்டும். அந்த எண்தான் விடை. எடுத்துக்காட்டாக 15, வகுக்கும் எண் 3. பதினைந்தில் ஒன்றையும் ஐந்தையும் பெருக்கினால் ஐந்து, மூன்றால் வகுபடாது. அடுத்தது 16. ஒன்றையும் ஆறையும் பெருக்கினால் ஆறு, வகுபடும். விடை பதினாறு. தாளில் கொடுத்திருந்த ஒரே எடுத்துக்காட்டும் அதுதான்.

நீங்கள் சிரிக்கலாம். இதில் என்ன இருக்கிறது, ஏறிக்கொண்டே போனால் கிடைத்துவிடுமே என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எதுவரை ஏறுவது? எண் கோடியில் இருந்தால்? வகுக்கும் எண் பதினொன்றாக இருந்தால்? ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எதை எதோடு பெருக்கினாலும் பதினொன்றால் வகுபடாதே! அப்படியானால் ஏறி முடியவே முடியாதா?

சனிக்கிழமை காலை, என் மேசையில், விடை கிடைத்தது. அந்த நிமிடத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் பலகைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை எண் ஒட்டியிருக்கும். நான் குறையைப் பார்க்காமல் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கம் ஏழு, எட்டு, ஒன்பது... பூஜ்யம். மறுபடி ஒன்று, இரண்டு...

பூஜ்யம்! எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும், அதன் இலக்கங்களில் ஒரே ஒரு பூஜ்யம் வந்துவிட்டால் பெருக்கல் மொத்தமும் பூஜ்யம். பூஜ்யத்தை எந்த எண்ணும் மீதமில்லாமல் வகுக்கும். ஏழும் வகுக்கும், பதினொன்றும் வகுக்கும். பூஜ்யத்தில் முடியும் எண்ணோ பத்து எண்களுக்கு ஒருமுறை வந்தே தீரும். அப்படியானால் எந்தக் கோடியில் தொடங்கினாலும் பத்து எண்களைப் பார்த்தால் போதும். பதினோராவதைப் பார்க்க வேண்டிய தேவையே கிடையாது!

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். எல்லாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. எந்தக் கைப்பேசியிலும் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய சுமதிக்கு, அது தானாகவே தெரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக என் வாழ்க்கையில் வேறொன்று இல்லை. கல்யாணத்தைக்கூட அதற்கு அப்புறம்தான் சொல்வேன்.

அன்று மாலையே பொய் சொன்னேன்.

பஸ் கிளம்பியிருந்தது. நாகவேணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கொய்யாப்பழம் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என்னிடம் கொடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நம்பர்ல ஜீரோ வந்துதுன்னா என்னா பண்றது?"

"ஏன்?"

"பெருக்குனா ஜீரோதான வரும்? அந்த ஜீரோ ஏழால வகுபடுமா, வகுபடாதா? காலையில இருந்து அங்கயே நின்னுக்கினு இருக்கேன். வகுபடும்னும் தோணுது, வகுபடாதுன்னும் தோணுது."

பாருங்கள்... அவளும் வாசல்வரை வந்துவிட்டாள்! கதவை ஒரு விரலால் தள்ளினால் திறந்துவிடும். "வகுபடும்" என்று நான் சொன்னால் போதும். எனக்கு வாயில் வந்ததும் அந்தச் சொல்தான். அதை விழுங்கிவிட்டு யோசிப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பினேன். இரண்டு மின்கம்பங்கள் கடந்தன. பிறகு அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"ஜீரோவுல வகுக்குறதுக்கு என்னாடி இருக்குது? வகுத்தல்ல ஜீரோ ஆகாதுன்னு ஸ்கூல்லயே சொன்னாங்கல்ல?"

"அது ஜீரோவால வகுக்கக் கூடாதுன்னு தானக்கா..."

"எல்லாம் ஒண்ணுதான். நம்ம ஷீட்டுல ஜீரோ வந்தா என்னா பண்றோம்?"

"கோடு போடுவோம்."

"அதேதான். ஜீரோ வந்த நம்பரைத் தள்ளிட்டு அடுத்ததுக்குப் போ."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அட, இதுக்குப் போயி மண்டைய ஒடைச்சிக்கினு இருந்தேன் பாரு! நீ இல்லாட்டி நான் என்னா பண்ணுவேன்?" என்று சிரித்து, என் தோளில் சாய்ந்துகொண்டாள். உத்தனப்பள்ளி வரும் முன்னே தூங்கியும் போனாள். நான் கொய்யாவைத் தின்று முடித்தேன். நன்றாக இனித்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. நான்கு வீடு தள்ளித்தானே இருந்தாள்! காலையில் தெருக்குழாயில் குடத்தோடு நின்றபடி, "முடிச்சிட்டேங்கா! எந்த நம்பரைக் குடுத்தாலும் விடை வருது," என்றாள். வரத்தான் செய்யும். சிறிய எண்ணால் வகுக்கச் சொன்னால், பூஜ்யத்தைத் தாண்டிப் போனாலும் எங்காவது ஒரு விடை வந்து நின்றுவிடும். தவறான விடை, ஆனால் பார்வைக்குச் சரியான விடை. "பதினொண்ணு போட்டுப் பாத்தியா?" என்று நான் கேட்டிருக்கலாம். "சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு என் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அவள் முறை முதலில்; அடுத்தது நான். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்; அங்கிருந்தே திரை தெரிந்தது. உள்ளே இரண்டு பொறியாளர்கள். அவள் நிரலை ஓட்டினாள். முதல் விடை வந்தது. இரண்டாவதாக 48-ஐயும் ஏழையும் கொடுத்தார்கள். விடை ஐம்பது, அவள் நிரல் ஐம்பத்தேழு என்றது. அவர்களில் ஒருவர் தாளில் ஏதோ குறித்தார். மூன்றாவதாகப் பதினொன்றைக் கொடுத்தார்கள்.

திரையில் ஒன்றும் வரவில்லை. வரவே வராது என்று இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும். அவள் நிரல் ஏறிக்கொண்டே இருந்தது... நூறு, ஆயிரம், லட்சம். பத்து எண்களுக்கு ஒருமுறை பூஜ்யம் வந்து, இங்கே நில் என்று சொல்லியிருக்கும். ஒவ்வொரு முறையும் அதன்மேல் கோடு போட்டுவிட்டுத் தாண்டிப் போயிற்று. அவள் விசைப்பலகையைத் தொட்டாள், கையை எடுத்தாள். திரும்பி, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் தைரியமாக இரு என்பதுபோல் தலையை ஆட்டினேன். ஆமாம், தலையை ஆட்டினேன்!

நேரம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். என்ன தவறு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "திரும்பத் திரும்பச் சுத்துற அந்த லூப்புல எங்கியோ தப்பு பண்ணிட்டேங்கா. நீ நல்லா பண்ணு," என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வரிசைக்குத் திரும்பிப் போனாள்.

நான் நல்லாப் பண்ணினேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் கண்ணிமைப்பதற்குள் விடை. நிரல் ஆறே வரிகள். "பத்து எண்ணுக்கு மேல பாக்க வேண்டியதில்லை சார்," என்று சொல்லிக் காரணத்தை விளக்கினேன். அவர்களில் வயதானவர், கன்னடக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனம்மா, இது யாரு ஹேள்கொட்டது... சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல சார். போர்டு நம்பரைப் பாத்துக்கினு இருந்தேன். தோணுச்சு."

அவர் பக்கத்திலிருந்தவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பிறகு எழுந்து நின்று எனக்குக் கைகொடுத்தார். எழுந்து நின்று! அந்த நொடியில் நாகவேணி என் நினைவிலேயே இல்லை. இதுதான் என் குற்றத்தின் மிக மோசமான பகுதியா, இல்லை மிக இயல்பான பகுதியா? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி என்னோடு கூடவே குடிவந்துவிட்டது. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவள் நிரல் வெறுமனே ஏறித்தான் விடை கண்டிருக்கும். பத்து எண்கள் போதும் என்பதற்கான காரணத்தை நான் மட்டும்தான் சொல்லியிருப்பேன். எப்படியும் நான்தான் ஜெயித்திருப்பேன்... அப்படித்தானே? அப்படியானால் ஏன் பொய் சொன்னாய் சுமதி? உன் கணக்கின்மேல் உனக்கே நம்பிக்கை இல்லையா? ஜெயித்தது உன் மூளையா, உன் வாயா? எட்டு ஆண்டுகளாகப் பதில் தேடுகிறேன். ஒருவருக்கு இழைத்த அநியாயத்தை எண்ணி அழாமல், தன் வெற்றி சுத்தமா என்று எடைபோட்டுக்கொண்டிருக்கிறாள் ஒருத்தி. அவள்தான் நான்.

இன்று எங்கள் தொழிற்சாலையில் பாதி இயந்திரங்கள் நான் எழுதிய நிரல்களில் ஓடுகின்றன. ஓசூரில் வேறு பக்கம் குடிவந்துவிட்டேன். நாகவேணி அதே மத்திகிரித் தெருவில், அதே வரிசையில், அதே பூதக்கண்ணாடியோடு இருக்கிறாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் நிரல் எழுதவில்லை. "எனக்கு அது வராதுங்கா," என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் தேஜுவுக்கு இப்போது பத்து வயது. நான் உட்கார்ந்ததும் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பெரிம்மா, நீங்க சொல்லுங்க. ஜீரோ ஏழால வகுபடுமா?"

சமையலறையிலிருந்து நாகவேணி சிரித்தாள். "அந்தக் கூத்தை ஏன் கேக்குறக்கா? இவ வகுபடாதுன்னு எழுதியிருக்குறா. மிஸ்ஸு தப்புன்னு போட்டுட்டாங்க. இவ விடலையே! எங்க பெரிம்மா பெரிய கம்ப்யூட்டர் ஆளு, அவங்களே எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்கன்னு கிளாஸுல நின்னு சண்டை போட்டிருக்குறா. மத்தியானம் வரைக்கும் வெளிய நிக்க வெச்சிட்டாங்க."

நோட்டில் என் பொய் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது. அதன்மேல் சிவப்புக் கோடு. கீழே அதே வார்த்தையை அவள் மறுபடியும் எழுதியிருந்தாள், முன்னைவிட அழுத்தமாக.

இந்தக் குழந்தையிடமும் அந்தப் பொய்யைச் சொல்வேனா? இல்லை, அந்த அளவுக்கு நான் இறங்கவில்லை. "மிஸ் சொன்னதுதான் சரிம்மா. ஏழு பேருக்கு ஒண்ணுமே இல்லாததைப் பங்கு வெச்சா ஆளுக்கு ஒண்ணுமில்ல. மிச்சமும் இல்ல. அதனால வகுபடும்," என்றேன்.

தேஜு வாய் திறந்தபடி அம்மாவைப் பார்த்தாள். நாகவேணி டீ தம்ளரோடு சமையலறை வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. எதையோ பெருக்கிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. இதோ, வந்துவிட்டது என்று நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன்.

"அப்ப அன்னைக்கு பஸ்ஸுல..." என்றவள் நிறுத்தினாள். பிறகு, "உனக்கும் தெரியாதாக்கா?" என்று கேட்டாள்.

அவளே கதவைத் திறந்துவிட்டாள். நான் தப்பித்துப் போகும் கதவு. தெரிந்தே திறந்தாளா, வெகுளியாகத் திறந்தாளா... அவள் முகத்தில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"தெரியாதுடி," என்றேன்.

சொன்ன கணத்தில் நெஞ்சில் ஏதோ கிழிந்தது. அது குற்ற உணர்ச்சி என்று நீங்கள் நினைத்தால் என்னை அதிகமாக மதிக்கிறீர்கள். எனக்கு வலித்தது வேறு. தெரியாதா? எனக்கா? அந்தப் பூஜ்யத்தைக் கண்டுபிடித்ததே நான்தானே! அதன்மேல்தானே என் ஆறு வரிகளும் நின்றன! உலகத்தில் எனக்கே எனக்கென்று தோன்றிய ஒரே உண்மையை, தெரியாது என்று என் வாயாலேயே துடைத்துவிட்டேன்.

நாகவேணி தம்ளரை என் கையில் கொடுத்தாள்.

"தெரியாமயே ஜெயிச்சிட்ட பாரு. உனக்கு அதிர்ஷ்டம்க்கா," என்றாள்.

அதிர்ஷ்டமாம்!

டீயைக் குடித்தேன். தேஜு அழிரப்பரால் நோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அதிர்ஷ்டம் இல்லை, எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தியிருந்தால் அவளுக்கு உண்மை கிடைத்திருக்கும். ஒரு மனிதப் பிறவி செய்யக்கூடிய காரியம் அதுதான். நான் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

இதை ஏன் உங்களிடம் எழுதுகிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். மன்னிப்புக்காக இல்லை, அதைக் கொடுக்க வேண்டியவள் நீங்கள் இல்லை. அவளிடம் இந்தத் தாளை நீட்டும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.